ராணுவ அருங்காட்சியகம் அமைப்பதில் அப்படி என்ன சிரமம்?

கேள்வி: துப்பாக்கி, பீரங்கி, சீருடை, பதக்கம் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதினால் போதாதா? ராணுவ வரலாற்றைக் காட்சிக்கு வைப்பதில் என்ன சிரமம்?

பதில்:

ஆயுதம் பார்க்க அழகாக இருந்து தொலைக்கிறது. முதல் சிரமமே அதுதான். எண்ணெய் பூசி, விளக்கு போட்டு, பீடத்தில் ஏற்றிய பீரங்கியின் முன் நிற்பவர் அது எவ்வளவு தூரம் சுடும், குண்டு எத்தனை கிலோ என்றுதான் கேட்பார். குண்டு போய் விழுந்த இடம் அந்தக் கூடத்தில் இருக்காது. அதை உள்ளே கொண்டுவர முயன்றால் சண்டை வரும்.

எனோலா கே விமானத்துக்கு நடந்தது இதுதான். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் அது. போர் முடிந்த 50ஆம் ஆண்டையொட்டி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வான்-விண்வெளி அருங்காட்சியகம் அதைக் காட்டத் திட்டமிட்டது. ஹிரோஷிமாப் பள்ளி மாணவி ஒருத்தியின் மதிய உணவுப் பெட்டியையும், உள்ளே கரியாகிப்போன சோற்றோடு, உடன் வைப்பதாக இருந்தது. கண்காட்சி விளக்கங்களின் வரைவு வெளியே தெரிந்ததும் விமானப்படைச் சங்கமும் முன்னாள் படைவீரர் அமைப்புகளும் கொதித்தன. 1994 செப்டம்பரில் அமெரிக்க செனட்டே கண்டித்துத் தீர்மானம் போட்டது. வரைவைத் திருத்தித் திருத்தி எழுதியும் தீரவில்லை. அணுகுண்டு போடாமல் ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்கர் பலியாகியிருப்பார்கள் என்ற மதிப்பீட்டை இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் வெகுவாகக் குறைத்தபோது எல்லாம் உடைந்தது. 1995 ஜனவரியில் கண்காட்சி ரத்தானது, மே மாதம் அவர் பதவி விலகினார். ஜூனில் விமானத்தின் முன்பகுதியையும் வேறு சில பாகங்களையும், சர்ச்சைக்குரிய விளக்கங்கள் இல்லாமல் வைத்தார்கள். சோற்றுப் பெட்டி அங்கே வரவில்லை.

படைவீரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 50ஆம் ஆண்டு என்பது உயிரோடு இருப்பவர்கள் தங்கள் தோழர்களை நினைத்துக்கொள்ளும் நாள். அந்த நாளில், அந்தக் கூடத்திலேயே அவர்கள் செய்ததை ஆராயவும் வேண்டும் என்றால் இரண்டும் கெடும்.

டிரெஸ்டனில் உள்ள ஜெர்மன் ராணுவ அருங்காட்சியகம், 2011இல் மீண்டும் திறந்தபோது, வேறு வழி பிடித்தது. பழைய ஆயுதக் கிடங்கைப் பிளந்துகொண்டு நிற்கிறது கட்டடக் கலைஞர் டேனியல் லிபஸ்கிண்ட் வடிவமைத்த எஃகு ஆப்பு. அதன் மேல்தளத்தில் மூன்று ஊர்த் தெருக்களின் கற்கள்: ஜெர்மனி குண்டு போட்ட போலந்தின் வியெலுன், நெதர்லாந்தின் ராட்டர்டாம், பிறகு நேச நாடுகள் குண்டு போட்ட டிரெஸ்டன். பலகை எதையும் வாதாட வேண்டியதில்லை, கற்களின் வரிசையே சொல்லிவிடுகிறது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் 2021இல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டு ஒன்றை, இரண்டாம் உலகப்போர்க் கூடத்துக்கும் யூத இனப்படுகொலைக் கூடத்துக்கும் நடுவே தொங்கவிட்டது. அந்தக் குண்டுகள் வதைமுகாம் கைதிகளின் உழைப்பில் தயாரானவை.

தமிழில் விளக்கப் பலகை எழுதுபவருக்கு வினைச்சொல்லே கண்ணி. "வீரமரணம் அடைந்தார்", "பலியானார்", "கொல்லப்பட்டார்": சாவு ஒன்று, கட்சி மூன்று. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்ததைக் "கலகம்" என்றால் கம்பெனியின் குரல், "புரட்சி" என்றால் சிப்பாய்களின் பக்கம். தலைப்பில் நாளும் இடமும் மட்டும் போட்டு, யார் அதை எப்படி அழைத்தார்கள் என்பதை உள்ளே எழுதலாம். இரு தரப்புச் சாவுக்கும் ஒரே வினைச்சொல் போடுங்கள். பலகை 60, 70 சொல்லுக்குள் முடியட்டும். கால் வலிக்க நின்று யாரும் படிக்க மாட்டார்கள்.

பொருள்கள் தரும் தொல்லை தனி. நன்கொடையாக வரும் பழைய குண்டை வெடிபொருள் நிபுணர் பார்த்து, வெற்றுக்கூடுதான் என்று எழுத்தில் தரும்வரை தொடக்கூடாது. முதல் உலகப்போர்க் காலத்துக் குண்டில் பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்து இருந்தால், உலோகத்தோடு சேர்ந்து சின்ன உராய்வுக்கே வெடிக்கும் உப்பாக மாறியிருக்கக்கூடும். பழைய விமானக் கருவிகளிலும் திசைகாட்டிகளிலும் இருட்டில் ஒளிர்வதற்கான, கதிரியக்கமுள்ள ரேடியப் பூச்சு இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பது வழக்கமான தவறு. செயலிழந்தது அதோடு கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. முகப்புக் கண்ணாடியைத் திறக்காதீர்கள், மூடிய அலமாரியில் குவித்தும் வைக்காதீர்கள், ரேடியத்திலிருந்து வரும் ரேடான் வாயு சேரும். இரண்டாம் உலகப்போர் வாயு முகமூடியின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டுப் படம் எடுக்கக் கூடாது.

சீருடைக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும், அதுவும் சில மாதங்களுக்குத்தான். பெல்ட் இன்னும் சிக்கல்: இரும்புக் கொக்கிக்கு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வேண்டும், தோலுக்கு 50 ஒட்டி வேண்டும். பித்தளைக் கொக்கியில் பச்சை மெழுகுபோலப் படிவது தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்தது. மூங்கில் குச்சியால் மெல்ல எடுக்கலாம்; பிராசோ போன்ற பித்தளை மெருகு போட்டுத் தேய்த்தால் முத்திரை எழுத்தும் தேய்ந்துபோகும்.

ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கி சுமார் 40 டன். சாதாரணக் கூடத்துத் தரை தாங்காது என்பதால் வெளியே நிற்கிறது. மழைநீர் உள்ளே தேங்கி அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும், ஆகவே வடிகால் மூடிகளைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் புதுப் பெயின்ட் அடித்தால் படைப்பிரிவின் குறியும் குண்டு பட்ட தழும்பும் அடியில் போய்விடும். அடித்தே ஆகவேண்டும் என்றால், முன்னதாக எல்லாப் பக்கமும் படம் எடுத்து, குறிகளை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்காவது பழைய பெயின்டை அப்படியே விட்டுவையுங்கள்.