துவைத்ததும் அளவு மாறுகிறதா? இஞ்ச் டேப்பைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: மகளுக்குப் பருத்தியில் ஒரு ஃபிராக்கும் எனக்கு ரேயானில் ஒரு டாப்ஸும் தைத்தேன். தைத்து முடித்த அன்று இரண்டும் கச்சிதமாக இருந்தன. ஒரு தடவை துவைத்ததும் ஃபிராக் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. டாப்ஸும் கொஞ்சம் சுருங்கி, பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கிறது. கணவருக்குப் பருத்தி நூலில் குரோஷே போட்ட ஸ்வெட்டரோ நேர்மாறாகத் தொடைவரை தொங்குகிறது. ஆன்லைனில் தையல் சொல்லித்தரும் ஒருவரிடம் கேட்டேன். அளவெடுக்கும் முறையே தப்பு, கட்டணப் பயிற்சியில் சேருங்கள், நல்ல மெஷினாக வாங்குங்கள் என்கிறார். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். மெஷினும் வாங்க வேண்டாம்.

தைத்த அன்று கச்சிதமாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அளவெடுத்ததில் தப்பு என்றால் அன்றைக்கே தோளில் இழுத்திருக்கும், கையைத் தூக்கினால் உடை கூடவே மேலே ஏறியிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. உங்கள் அளவும் சரி, வெட்டும் பெரும்பாலும் சரி. துவைக்காத துணியை வெட்டினீர்கள், அவ்வளவுதான் சங்கதி. குரோஷேவிலும் இதேதான் நடந்திருக்கும்: மாதிரித் துண்டு (அளவு பார்க்க முதலில் போடும் சிறு சதுரம்) போடாமலோ, போட்டும் அதைத் துவைக்காமலோ கண்ணிகளை எண்ணியிருப்பீர்கள்.

துணி ஏன் சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, விறைப்பாக இழுத்துக் கட்டித்தான் நெய்ய முடியும். நெய்த பிறகும் வெளுப்பது, சாயம் போடுவது, கஞ்சி ஏற்றுவது, காயவைப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போகிறார்கள். அந்த இழுப்போடுதான் அது சுருளாகி உங்கள் கைக்கு வருகிறது. தண்ணீர் பட்டதும் பருத்தி நூல் உப்புகிறது, இழுப்பு விடுபடுகிறது, பாவு தன் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. அதனால்தான் பல துணிகள் அகலத்தைவிட நீளத்தில் அதிகம் சுருங்குகின்றன. 60 செ.மீ. நீள ஃபிராக் 5 சதவீதம் சுருங்கினால் 3 செ.மீ. போய்விடும். முழங்காலுக்கு மேலே ஏற அது போதும்.

இனிமேல் செய்ய வேண்டியது இதுதான். துணி வீட்டுக்கு வந்ததும் வெட்டிய இரண்டு முனைகளிலும் நூல் பிரியாமல் இருக்க ஒரு ஜிக்ஜாக் ஓட்டுங்கள். வேறு நிற நூலில் நீளவாக்கில் 50 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு அடையாளத் தையல் போடுங்கள், அகலவாக்கிலும் அதே மாதிரி. உடையாகத் தைத்த பிறகு அதை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துணியையும் துவையுங்கள். மெஷினில் போடுவீர்கள் என்றால் இப்போதும் மெஷின், டிரையரில் காயவைப்பீர்கள் என்றால் இப்போதும் டிரையர். “பக்கெட்டில் முக்கி எடுத்தேனே” என்பார்கள் பலர், அது போதாது. காய்ந்து இஸ்திரி போட்ட பிறகு அடையாளத் தையல்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 48 செ.மீ. காட்டினால் துணி 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அடுத்த முறை அதே ரகம் வாங்கும்போது எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். லைனிங், கழுத்துக்கு வைக்கும் கிராஸ் பீஸ், பருத்தி லேஸ் எல்லாவற்றுக்கும் இதே விதி. மேல்துணியை மட்டும் துவைத்துவிட்டு லைனிங்கை அப்படியே வைத்துத் தைத்தால், லைனிங் சுருங்கி மேல்துணியை உள்ளே இழுத்து உடை முழுக்க அலை அலையாக நிற்கும்.

இதை ஏன் நாம் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. துவைத்துக் காயவைத்தால் துணியின் அளவு எவ்வளவு மாறுகிறது என்று அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 5077 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. துணியை முன்கூட்டியே இயந்திரத்தில் சுருக்கி அனுப்பும் சான்ஃபரைசிங் முறை 1930-களிலிருந்தே உண்டு. மொத்தமாக வாங்கும் ஆயத்த ஆடைக்காரர் சோதனை அறிக்கை கேட்டு வாங்குவார். அவருடைய சட்டைக்குள் துவைப்புக் குறிகள் அச்சடித்த பட்டையும் இருக்கும். மூன்று மீட்டர் வாங்கும் உங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. சுருளின் ஓரத்தில் “சுருக்கம் இத்தனை சதவீதம்” என்று ஒரு வரி அச்சடிக்க என்ன பெரிய செலவு ஆகிவிடப்போகிறது? கடையில் கேட்டால் “சுருங்கவே சுருங்காது” என்பார்கள். அவர்களும் ஆலையைக் கேட்டதில்லை.

பக்கத் தையல் திரும்புவது வேறு விஷயம். பாவும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். சுருளாக்கும்போது ஊடை கோணலாகப் போயிருந்தால், கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பை நம்பி வெட்டிய உடை, துவைத்ததும் தன் நூல்வாக்கில் திரும்பிக்கொள்ளும். வெட்டும் முன் துணி முனையில் ஓர் ஊடை நூலைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். அது விட்டுப்போகும் கோடுதான் துணியின் உண்மையான நேர்கோடு. அதை ஒட்டி வெட்டுங்கள். பிறகு இரண்டு கரைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து மடியுங்கள். வெட்டிய விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மடிப்பில் சுருக்கம் விழுந்தால் ஊடை கோணல் என்று அர்த்தம். ஈரமாக இருக்கும்போதே, குட்டையாகத் தெரியும் மூலைவிட்டத்தின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

இனி ரேயான். மேலே சொன்ன விதியில் இதற்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் புலம்பல்களில் இதுதான் முதலிடம். லேபிளில் விஸ்கோஸ் என்று போட்டிருந்தாலும் இதுதான். மரக்கூழிலிருந்து எடுக்கிற இழை. தண்ணீரில் நன்றாக உப்பும், நனைந்திருக்கும்போது பலத்தில் பாதிவரைகூட இழந்துவிடும். பருத்தி பெரும்பாலும் முதல் துவைப்பிலேயே சுருங்க வேண்டியதைச் சுருங்கிவிட்டு அடங்கும். ரேயான் இரண்டாம், மூன்றாம் துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். “ஒரு தடவை நனைத்துத்தானே வெட்டினேன்” என்று நீங்கள் சொன்னாலும் நம்புவேன். ரேயானுக்கு அது போதாது. இரண்டு தடவை துவைத்துக் காயவையுங்கள், ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு முதல் அளவிலிருந்து மாறியிருந்தால் மூன்றாவது தடவையும் துவையுங்கள். அளவு நின்ற பிறகுதான் கத்தரி.

ஈர ரேயானை முறுக்கிப் பிழியாதீர்கள். டவலில் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் நீளமாகத் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் நீண்டு, அளவெல்லாம் பொய்யாகிவிடும், படுக்கவைத்துக் காயவையுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள், தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். வெட்டும்போதும் மேசையின் விளிம்பில் துணி தொங்கக் கூடாது. ஊசி மெல்லியதாக, 70-ஆம் எண். (ஊசி எண் என்பது தண்டின் தடிமன்: 70 என்றால் 0.7 மி.மீ., 90 என்றால் 0.9 மி.மீ. இதைச் சொல்லித்தரத்தான் ஒரு வகுப்பு முழுக்க ஓட்டுகிறார்கள்.) கழுத்தை வெட்டியவுடன், தையல் கோட்டுக்குச் சற்று வெளியே, தையலுக்கு விட்ட பகுதிக்குள், ஒற்றைத் துணியிலேயே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கையாளும்போதே கழுத்து விரிந்துபோகும். கீழ்விளிம்பை மடிக்கும் முன் உடையை ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அம்பிரல்லா கட் மாதிரி கிராஸாக, அதாவது மூலைவாக்கில், வெட்டிய பகுதிகள் இறங்க வேண்டிய அளவு இறங்கிவிடும். பிறகு தரையிலிருந்து ஸ்கேல் வைத்து சாக்கால் குறித்து வெட்டி மடியுங்கள்.

சரி, ஸ்வெட்டருக்கு வருவோம். பருத்தி நூல் கனமானது, கம்பளி மாதிரி நீண்டாலும் பழையபடி திரும்பும் தன்மை அதற்கில்லை. குரோஷே கண்ணியும் நூலை நிறையவே சாப்பிடும். ஆண்கள் அளவு ஸ்வெட்டர் என்றால் அதன் கனமே அதைக் கீழே இழுக்கும், ஈரமானால் கேட்கவே வேண்டாம். மாதிரித் துண்டை 10 செ.மீ. அளவுக்குப் போட்டால் ஓரக் கண்ணிகள் கணக்கைக் கெடுத்துவிடும். 15 செ.மீ. சதுரமாகப் போடுங்கள், துவைத்துக் காயவைத்து, நடுவில் உள்ள 10 செ.மீ.-ஐ மட்டும் எண்ணுங்கள். பருத்தி நூலாக இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள்: அந்தத் துண்டின் கீழ்விளிம்பில் துணி மாட்டும் கிளிப் நாலைந்து மாட்டி, இரவு முழுக்கத் தொங்கவிட்டுக் காலையில் உயரத்தை அளந்து பாருங்கள். அணியும்போது எவ்வளவு இறங்கும் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு கண்ணி வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 10 செ.மீ.-க்கு 16 கண்ணி என்று பேட்டர்ன் சொல்கிறது, மார்புச் சுற்றளவு 90 செ.மீ. என்றால் 144 கண்ணி. உங்கள் கையில் 15 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 144 கண்ணி 96 செ.மீ. ஆகிவிடும். முன்பின் சேர்த்து 6 செ.மீ. தொளதொளப்பு, துவைப்பதற்கு முன்பே! அப்போது கொக்கி ஊசியை ஒரு அளவு சிறியதாக மாற்றி மறுபடி துண்டு போடுங்கள். கை இறுக்கத்தை மாற்றப் பார்க்காதீர்கள், பத்து வரிசையில் பழைய பழக்கம் திரும்பிவிடும்.

உங்களைப் பயிற்சியில் சேரச் சொன்னவரைப் பற்றி இரண்டு வார்த்தை. துணி சுருங்கியதற்கு ஆளைக் குறை சொல்வது இந்த வியாபாரத்தின் பழைய தந்திரம். “எல்லா உடம்புக்கும் பொருந்தும் ரகசிய அளவு அட்டவணை” என்று ஒன்றை அடுத்து நீட்டுவார்கள். அப்படி ஒன்று கிடையாது. அமெரிக்க அரசே 1958-இல் பெண்கள் உடைக்கு ஒரு நிலையான அளவுமுறையை வெளியிட்டது. நிஜ உடம்புகள் அதற்குள் அடங்கவில்லை, 1983-இல் அதைக் கைவிட்டார்கள். ஓர் அரசால் முடியாததை மாதச் சந்தாவில் விற்கிறார்கள். மெஷினும் அப்படித்தான். 200 வகைத் தையல் போடும் மெஷின் என்பார்கள்; வீட்டு உடைக்கு நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் பட்டன்துளையும் போதும். பயிற்சி தருபவரே மெஷினையும் சிபாரிசு செய்தால், யாருக்குக் கமிஷன் போகிறது என்று கேட்டுவிடுங்கள்.

குரோஷே பேட்டர்ன் விற்பவர்களில் இப்போது புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. படம் கணினி வரைந்தது, குறிப்பும் கணினி எழுதியது. யாரும் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் மொத்தக் கண்ணி எண்ணிக்கை இல்லையா, 10 செ.மீ.-க்கு எத்தனை கண்ணி என்று சொல்லவில்லையா, வாங்காதீர்கள். பிரிட்டிஷ் முறையா அமெரிக்க முறையா என்றும் போட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் டபுள் குரோஷே என்பது அமெரிக்காவில் சிங்கிள். கண்ணியின் உயரமே மாறிவிடும்.

இடைத்தரகர்கள் லேபிளைக் கழற்றிவிட்டுப் பாக்கெட் மாற்றி விற்கும் நூல்கண்டுகளும் வேண்டாம். என்ன இழை என்பது தெரியாது, சாயத் தொகுதி எண்ணும் (ஒரே தடவையில் சாயம் போட்ட கண்டுகளுக்கான எண்) போய்விடும். நூல் பற்றாமல் மறுபடி வாங்கினால் ஸ்வெட்டரில் பாதி வேறு நிறமாகத் தெரியும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகிச் சொட்டிக் கடினமான மணியாக உறைந்தால் அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர். சொட்டுவது கையைச் சுட்டுவிடும், ஜாக்கிரதை. கலப்பு நூலில் இரண்டும் கலந்து தெரியும்.

கையில் இருக்கும் மூன்று உடைகளுக்கு என்ன செய்வது? ஃபிராக்குக்குக் கீழே மடித்துத் தைத்ததைப் பிரித்து இறக்குங்கள். போதாவிட்டால் வேறு துணியில், துவைத்த துணியில், பட்டி வையுங்கள். அடுத்த ஃபிராக்குக்கு மடிப்பில் 5 செ.மீ. விடுங்கள், பெண் வளர வளர இறக்கிக்கொள்ளலாம். டாப்ஸை நேராக்க முடியாது. இன்னும் இரண்டு தடவை துவைத்துவிட்டு, தையல்களைப் பிரித்து, நூல்வாக்குப் பார்த்து மகளுக்குச் சிறியதாக வெட்டிவிடுங்கள்.

ஸ்வெட்டர் கழுத்திலிருந்து கீழே போட்டதென்றால் அதிர்ஷ்டம்: கீழ்விளிம்பில் நூலை முடிந்த இடத்தை அவிழ்த்து, வேண்டிய உயரம்வரை பிரித்து மறுபடி முடித்துவிடலாம். கீழேயிருந்து மேலே போட்டதென்றால் குரோஷே தொடங்கிய பக்கத்திலிருந்து பிரியாது, தோள்வரை பிரிக்கத்தான் வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால் தோள் தையலின் உள்பக்கம் நீளாத பருத்தி நாடாவைக் கையால் வைத்துத் தையுங்கள். இனிமேல் தோள் அகலமாவது நிற்கும். துவைத்தால் படுக்கவைத்துத்தான் காயவைக்க வேண்டும், அலமாரியில் ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வையுங்கள்.