நன்னடத்தைப் பிணையை மீறிய தம்பிக்குச் சிறைதானா?

கேள்வி: அடிதடி வழக்கில் என் தம்பி குற்றவாளி என்று தீர்ப்பானது. முதல் குற்றம் என்பதால் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பிணையில் நீதிமன்றம் விடுவித்தது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான். மாதந்தோறும் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் மூன்று மாதமாக அவரைப் பார்க்கவில்லை. இப்போது எங்கள் இருவருக்கும் சம்மன் வந்திருக்கிறது. கொஞ்ச நாள் தலைமறைவாக இரு என்கிறார்கள் உறவினர்கள். அவன் அரசு வேலைத் தேர்வுக்கும் படித்து வருகிறான்.

பதில்: சகோதரி, அந்த யோசனையைச் சொன்னவர்கள் உங்கள் தம்பியைச் சிறைக்கு அனுப்பவே வழி சொல்கிறார்கள். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 9-ஆவது பிரிவின்படி நீதிபதி நேராகப் பிடிவாரண்டே அனுப்பியிருக்கலாம். சம்மனோடு நிறுத்தியிருக்கிறார். ஆஜராகாவிட்டால் அடுத்தது வாரண்ட்தான்.

தண்டனையிலிருந்து தப்பிவிட்டதாகத் தம்பி நினைத்திருக்கக்கூடும். தண்டனை ரத்தாகவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நிபந்தனை மீறல் உறுதியானால் அந்தப் பழைய அடிதடிக் குற்றத்துக்கே இப்போது தண்டனை விதிக்கலாம். ஆனால் முதல் தடவை மீறியவருக்கு, பிணையைத் தொடரவிட்டு 50 ரூபாய்க்கு மிகாத தொகையை மட்டும் விதிக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. அந்தச் சிறு தொகையைக் கெடுவுக்குள் கட்டத் தவறினாலும் மூலக் குற்றத்துக்குத் தண்டனை வரலாம்.

எனக்குப் பெரிய கவலை அவனுடைய வேலைதான். பிரிவு 12-இன்படி, நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு கிடையாது. பிணையை மீறி, பிறகு அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். வேலை விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்கவும் கூடாது. மறைத்ததே நிராகரிக்கப் போதுமான காரணமாகிவிடும்.

உங்கள் ஜாமீன் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று நீதிமன்றம் உங்களிடமும் விளக்கம் கேட்கலாம். தம்பியை நீங்களே அழைத்து வந்து நிறுத்தினால், அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

விசாரணை நாளுக்கு முன்பே அவன் நன்னடத்தை அலுவலரை நேரில் பார்த்து, திருப்பூர் முகவரியையும் வேலைச் சான்றையும் கொடுக்கட்டும். புதிய வழக்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்லட்டும். அந்த அலுவலர் விண்ணப்பித்தால் பிரிவு 8-இன் கீழ் நிபந்தனைகளை நீதிமன்றம் மாற்றியமைக்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண் என்பதால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.