சுபுஹுக்குப் பள்ளிவாசல் அட்டையா, போனில் உள்ள ஆப்பா?

கேள்வி: நெல்லை மேலப்பாளையத்தில் இருக்கிறேன். ரமலானில் விட்டுப்போன நோன்புகளை இந்த டிசம்பரில் களா செய்துவருகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த தம்பி, தன் பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதிலுள்ள தொழுகை நேர ஆப் வைகறைத் தொழுகையான சுபுஹுக்கு 5.27 என்கிறது. பள்ளிவாசல் அட்டையில் 5.15. இரவுத் தொழுகையான இஷாவுக்கு ஆப்பில் 7.08, அட்டையில் 7.22. மஃரிப் மட்டும் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கிறது. சில நாள் ஆப்பை நம்பி 5.25 வரை நோன்புக்கு முந்திய சஹர் உணவைச் சாப்பிட்டுவிட்டேன். எது சரி? பீடி சுற்றி எழும்ப ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது. இஷாவை எத்தனை மணி வரை தொழலாம்? தென்காசியில் உம்மா வீட்டுக்குப் போனாலும் இதே நேரம்தானா?

பதில்: மஃரிப் ஒத்துப்போகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. மஃரிப் என்பது சூரியன் மறைவது. அதில் கணக்கு முறை வேறுபாட்டுக்கு இடமில்லை. அது பொருந்துவதால் உங்கள் போன் ஊரைச் சரியாகவே பிடித்திருக்கிறது. பிழை சூரியனின் தாழ்வுக் கோணத்தில்.

சுபுஹும் இஷாவும் சூரியன் கண்ணுக்குத் தெரியாத நேரத்துத் தொழுகைகள். கிழக்கில் வெளிச்சம் பரவத் தொடங்குவதும் மேற்கில் அந்தி வெளிச்சம் தீர்வதும்தான் இவற்றின் அடையாளம். அந்த நேரத்தில் சூரியன் தொடுவானத்துக்கு எத்தனை பாகை கீழே இருக்கும் என்று வைத்துத்தான் அட்டை போடுகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டுக்கும் 18 பாகை. வட அமெரிக்காவில் பலகாலம் புழங்கிய முறையில் இரண்டுக்கும் 15. நம் ஊரில் ஒரு பாகைக்கு 4 நிமிடத்துக்குச் சற்று மேல். மூன்று பாகைக்கு 12, 13 நிமிடம் ஆகிறது. உங்கள் தம்பி அங்கே வைத்திருந்த முறை அப்படியே போனில் நிற்கிறது. செட்டிங்ஸில் கணக்கு முறை என்ற இடத்தில் 18 பாகை வைக்கும் 'கராச்சி' என்பதைத் தேர்ந்தெடுங்கள், சுபுஹு 5.14க்கு வந்துவிடும். அட்டையில் ஒரு நிமிடம் பேணுதலுக்குச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'உம்முல் குரா' என்றிருப்பதைத் தொடாதீர்கள். அது மக்காவின் முறை. இஷாவை மஃரிபிலிருந்து 90 நிமிடம், ரமலானில் 120 நிமிடம் என்று நிலையாக வைக்கிறது. நெல்லையில் சூரியன் மறைந்து 70 முதல் 77 நிமிடத்துக்குள் 18 பாகை ஆகிவிடும்.

வானத்தில் இது எப்படித் தெரியும் என்று ஒருமுறையாவது பாருங்கள். பிறை 10க்குள், பின்னிரவில் நிலா இல்லாத நாளாகப் பார்த்து, காயல்பட்டினம் கடற்கரையில் நான் உட்கார்ந்ததுண்டு. முதலில் கிழக்கே ஒரு மங்கலான வெளுப்பு, கீழே அகன்று மேலே கூம்பிச் செங்குத்தாக நிற்கும். ஹதீஸில் 'ஓநாயின் வால்' என்று வருவது இதுதான்: சுபுஹு காதிப், பொய் வைகறை. அது சூரிய மண்டலத்தில் மிதக்கும் தூசியில் பட்டு வரும் ஒளி. விடியலோடு அதற்குத் தொடர்பில்லை. அப்போது சாப்பிடலாம், சுபுஹு தொழக்கூடாது. பிறகு கடலுக்கு மேல், வானத்தின் அடியில், தெற்கு வடக்காக ஒரு வெளுத்த கோடு படுக்கைவாட்டில் பரவும். நிமிடத்துக்கு நிமிடம் அகலும், திரும்பக் குறையாது. அதுதான் சுபுஹு ஸாதிக். கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும்வரை உண்ணுங்கள் என்று குர்ஆன் 2:187 சொல்லும் வெள்ளை நூல் இதுவே. நபித்தோழர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்ததும், அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபி (ஸல்) விளக்கியதும் நமக்குத் தெரிந்ததே.

அந்தக் கோடு கண்ணுக்குச் சரியாக எந்தப் பாகையில் பிடிபடுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 18 கொஞ்சம் முந்தியது என்போர் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் முஹம்மதியா அமைப்பு 20இலிருந்து 18க்கு மாறியதும் இந்த விவாதத்தின் தொடர்ச்சிதான். அதனால் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது ஒன்று: நோன்புக்கு முந்திய நேரத்தை எடுங்கள், தொழுகைக்குப் பிந்திய நேரத்தை எடுங்கள். இந்த வாரம் 5.10க்குள் வாய் கொப்பளித்து முடித்துவிடுங்கள். வீட்டில் தொழும் பெண்கள் பாங்கு கேட்டதும் தக்பீர் கட்டாமல், 5.30க்குத் தொழுங்கள். 18, 15 இரண்டு கணக்கின்படியும் நோன்பும் கூடும், தொழுகையும் கூடும். சூரியன் உதிக்க 6.29 ஆகிறது, அவசரமே இல்லை.

5.25 வரை சாப்பிட்ட நாட்களைப் பற்றி: விடிந்ததை அறியாமல் சாப்பிட்டது பாவமில்லை, ஆனால் விடிந்திருந்தது உறுதியானால் அந்த நோன்பைத் திரும்பப் பிடிக்கவேண்டும் என்பதே நான்கு மத்ஹபுகளின், அதாவது சட்டப் பள்ளிகளின், நிலை. இவை ஏற்கெனவே உங்கள் மேல் இருந்த கடன் நோன்புகள். அந்தச் சில நாட்களை மறுபடி பிடித்துவிடுவது மனத்துக்கு நிம்மதி என்பது என் எண்ணம். உங்கள் பள்ளி இமாமிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இஷாவுக்கு வருவோம். மேற்கில் முதலில் செம்மை மறையும். அதன்பின் ஒரு வெளுப்பு கொஞ்ச நேரம் தங்கும். ஷாஃபி மத்ஹபில் செம்மை மறைந்தாலே இஷா நேரம் நுழைந்துவிடும். இமாம் அபூஹனீஃபா வெளுப்பும் தீரவேண்டும் என்றார்கள். அவர்களின் மாணவர்கள் இருவரும் செம்மையையே எடுத்தார்கள். 7.22க்குப் பிறகு தொழுதால் இந்த வேறுபாடு எதுவும் உங்களைத் தொடாது.

முடிவு நேரம்தான் பலர் தவறாகப் புரிந்திருப்பது. 'பாதி இரவு' என்றால் கடிகாரத்தின் 12 மணி இல்லை. மஃரிபிலிருந்து சுபுஹு வரை உள்ள நேரத்தில் பாதி. இப்போது 6.06இலிருந்து 5.14 வரை 11 மணி 8 நிமிடம். அதில் பாதி 5 மணி 34 நிமிடம். ஆக, நடு இரவு 11.40. மூன்றில் ஒரு பங்கு 9.49க்கு முடிகிறது. இஷாவைப் பிற்படுத்துவது சிறப்பு என்றால் அதுவரைதான். பெரும்பாலான இமாம்களிடம் நேரம் சுபுஹு வரை நீளும் என்றாலும், காரணமின்றி நடு இரவைத் தாண்டவிடுவது வெறுக்கப்பட்டது. பதினொன்றுக்கு எழுந்து தொழுதால் கூடும். ஆனால் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தவருக்குக் கட்டு எண்ணி முடியும்வரை எழ மனம் வராது, இடுப்பும் விடாது. அதை அறிந்தே சொல்கிறேன், 7.30க்குத் தொழுதுவிட்டு இலையைத் தொடுங்கள். பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜுத்துக்கு எழ நினைத்தால் கடைசி மூன்றிலொரு பங்கு 1.31க்குத் தொடங்குகிறது.

சென்னையில் அச்சான காலண்டரைப் பார்த்துப் 'பத்து நிமிடம் கூட்டிக்கொள்' என்பவர்களை நம்பாதீர்கள். அந்தப் பத்து நிமிடம் நடுப்பகல் வித்தியாசம் மட்டுமே. டிசம்பர் கடைசியில் சுபுஹுக்கு வித்தியாசம் 3 நிமிடம்தான், மஃரிபுக்கோ 18. ஜூனில் இது தலைகீழ்: சுபுஹுக்கு 20, மஃரிபுக்கு 2, 3. டிசம்பரில் பத்து கூட்டி நோன்பு திறந்தால் மேலப்பாளையத்தில் சூரியன் மறைய இன்னும் 8 நிமிடம் இருக்கும்.

தென்காசி நெல்லைக்கு மேற்கே இருப்பதால் எல்லா நேரமும் ஒன்றரை நிமிடம்போலப் பிந்தும். காயல்பட்டினத்தில் அதே அளவு முந்தும். சஹருக்கு உங்கள் நெல்லை நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்கு 2 நிமிடம் கூட்டுங்கள். அங்கே கவனிக்கவேண்டியது மலை. உம்மா வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் குற்றால மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும்; மலை தொடுவானத்துக்கு மேல் ஒரு பாகை உயர்ந்து தெரிந்தால் சுமார் 4 நிமிடம் முன்னதாக மறைந்ததுபோல் இருக்கும். அது மஃரிப் இல்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தென்காசிக்கென்று போட்ட அட்டையின் நேரம் வரும்வரை, இந்த வாரம் என்றால் 6.08 வரை, பொறுங்கள்.