கனடாவில் பூர்வகுடி இளைஞர்கள் ஏன் தெருக் கும்பல்களில் சேர்கிறார்கள்? போலீஸை மட்டும் நம்பாமல் தடுக்க முடியுமா?

வின்னிபெக் நகரத்தையே பார்ப்போம். 'இந்தியன் பாஸி' (Indian Posse) என்ற பூர்வகுடிக் கும்பல் 1980களின் இறுதியில் அங்கேதான் உருவானது; பெயரிலுள்ள 'இந்தியன்' பூர்வகுடிகளைக் குறிக்கிறது, இந்தியர்களை அல்ல. பணமும் காரணம்தான், ஆனால் வேர் ஆழமானது. பல தலைமுறைகளாக அரசும் தேவாலயங்களும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தன. கடைசிப் பள்ளி மூடப்பட்டதே 1990களில்தான். போதாக்குறைக்குக் குழந்தைகள் நலத்துறையும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது. வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்தில் இன்றும் அரசுக் காப்பில் வளரும் பிள்ளைகளில் சுமார் 90 சதவீதம் பூர்வகுடிகள். அப்படி வளர்ந்தவனிடம் "தம்பி, நான் இருக்கேன்டா" என்று முதலில் சொல்வது பெரும்பாலும் கும்பல்தான். சரி, சிறைக்கு அனுப்பினால்? ஆள்சேர்ப்பு மும்முரமாக நடப்பதே உள்ளேதான்!

ஊரார் முயற்சிக்கு உதாரணம், வின்னிபெக்கின் 'பேர் கிளான்' (Bear Clan) ரோந்துக் குழு. 1992இல் தொடங்கி இடையில் ஓய்ந்துபோனது. 2014இல் ரெட் ஆற்றில் 15 வயதுப் பூர்வகுடிச் சிறுமியின் உடல் கிடைத்த பிறகு மறுபடி கிளம்பியது. கையில் ஆயுதம் கிடையாது. ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், சந்துகளில் கிடக்கும் போதை ஊசிகளைப் பொறுக்குகிறார்கள், பசித்தவர்களுக்குச் சாப்பிடக் கொடுக்கிறார்கள். அப்புறம், சிறையிலிருந்து வந்தவர்களுக்குப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையும், மூத்தவர்களின் துணையும் தரும் அமைப்புகளும் அங்கே உண்டு. என் கணிப்பில் ரோந்தைவிட இதுவே கூடுதல் பலன் தரும். ஆனால் மானியம் வருஷா வருஷம் தொங்கலில். கும்பலுக்கு அந்தக் கவலை இல்லை.