கசிந்தால் டம்ளரில் பிடியுங்கள்

கேள்வி: விடுமுறையில் பவானிசாகர் போயிருந்தோம். இவ்வளவு பெரிய அணை மண்ணால் கட்டியதாமே! 'மண் அணை கசியத்தான் செய்யும்' என்று எங்கள் மாமா வேறு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அன்று முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. நிஜமா? (வாசகி, திருப்பூர்)

மாமா சொன்னது நிஜம்தான். ஒரு சொட்டும் கசியாத மண் கரை எங்கேயும் கிடையாது.

பவானிசாகரில் வெள்ளம் வழிகிற மதகுப் பகுதி மட்டும் கல் கட்டுமானம். எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அணையில் மற்றதெல்லாம் மண் கரை. இவ்வளவு அகலமான இடத்தில் முழுக்கக் கல்லால் கட்டக் கட்டுப்படியாகாது. 1948-ல் ஆரம்பித்து 1955-ல் முடித்தார்கள்.

மண்ணை அப்படியே கொட்டி மேடாக்கிவிடுவதில்லை. மெல்லிய அடுக்காகப் பரப்பி, அளவாக ஈரமாக்கி, ரோலர் ஓட்டி இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. பெரிய மண் அணைகளில் நடுவே களிமண் வைப்பார்கள். பொதுப்பணித் துறையில் அதற்கு 'ஹார்ட்டிங்' என்று பெயர். தண்ணீர் அதற்குள் புகுந்து வருவதற்குள் வேகம் செத்துப் போகும். மீதி கசிவை, மண் துகள் கூடவே வராதபடி மணலும் ஜல்லியும் வடிகட்டி அடிவாரத்து வடிகாலில் விடும். அங்கே தினமும் அளந்து எழுதுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஏரிக் கரையடியில் ஈரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பை எடுக்க ஓடினேன். அங்கிருந்த வயதான லஸ்கர் (கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்), 'இருங்க சார்' என்று சொல்லி, டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெயிலில் காட்டினார். பளிங்கு மாதிரி இருந்தது. 'இது கலங்கினா மட்டும் ஓடுங்க' என்றார். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது, உள்ளே குழாய் மாதிரி ஓட்டை விழுகிறது என்று அர்த்தம். அப்புறம் கரை உடைய சில மணி நேரம்தான். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன சீமைக்கருவேல வேர் எல்லாம் அந்த ஓட்டைக்கு வழி போட்டுக் கொடுப்பவை. கரையில் மரம் வளர்க்க விடாததும் இதனால்தான். நிழல் இல்லையே என்று கோபிக்காதீர்கள்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்காலில் எங்கள் நிலத்துக்கு ஒரு வருடம் நெல்லுக்குத் தண்ணீர், மறு வருடம் கடலை, எள்ளுக்குத்தான். ஏன் இந்த ஓரவஞ்சனை? (வாசகர், பெருந்துறை)

பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். பவானிசாகர் அணையோ 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) பிடிப்பது. அதிலும் கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கால்காரர்கள் அணைக்கு முந்தியே உரிமை உள்ளவர்கள். எல்லோரும் ஒரே போகத்தில் நெல் நட்டால் முளைக்கிறது கருகும். அதனால் வாய்க்கால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து பாதிக்குப் பாதி 1,03,500 ஏக்கர். ஆகஸ்ட் 15 வாக்கில் ஒரு பாதிக்கு நஞ்சைக்குத் தண்ணீர், ஜனவரியில் மறு பாதிக்குப் புஞ்சைக்கு. அடுத்த வருடம் மாற்றிக்கொள்வார்கள். என் அத்தை வீட்டில் நெல் வருகிற வருடமாகப் பார்த்துத்தான் கல்யாணப் பேச்சையே எடுப்பார்கள்!

கேள்வி: அணையின் உயரம் 120 அடியா, 105 அடியா? (வாசகர், கோபி)

இரண்டும்தான். சேறு, சகதிக்கென்று 15 அடியைக் கழித்துவிட்டு நீர்மட்டத்தை 105 வரை சொல்கிறார்கள்.