பால் கூடியது பொடியாலா?

கேள்வி: என்னிடம் ஆறு கலப்பின ஜெர்சி பசுக்கள் இருக்கின்றன. தீவனத்தில் கலக்கும் பொடி ஒன்றின் துண்டுப் பிரசுரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கன்று ஈன்ற 10-ஆம் நாளில் 8 லிட்டர், 30-ஆம் நாளில் 8.8, 50-ஆம் நாளில் 9.5 என்று அதிலுள்ள வரைபடம் காட்டுகிறது. பொடியால்தான் பால் கூடியது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தப் படத்தை நம்பி வாங்காதீர்கள், அம்மா. எண்கள் அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பொடி கொடுக்காத மாடும் அந்த நாட்களில் பாலைக் கூட்டித்தான் கறக்கும். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பால் உச்சத்தை எட்டி, அதன் பின் மெல்ல இறங்குவது கறவை மாட்டின் இயல்பு. பிரசுரத்தில் இருப்பது அந்த ஏறுமுக நாட்கள் மட்டுமே. பொடி கொடுக்காத பசுக்களின் கணக்கு பக்கத்தில் இல்லாதபோது, மாட்டின் இயல்பால் கூடியது எவ்வளவு, பொடியால் கூடியது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

படத்தின் இடது ஓரத்துச் சிறிய எண்களையும் பாருங்கள். பூஜ்யத்தில் தொடங்காமல் 7.5-இல் தொடங்குகின்றன. அதனால்தான் கடைசிப் பட்டை முதல் பட்டையைவிட நான்கு மடங்கு உயரமாகத் தெரிகிறது. கூடியதோ ஒன்றரை லிட்டர். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனை மாடுகள், எத்தனையாவது ஈற்று என்ற விவரமும் இல்லை. ஒரே ஒரு நல்ல மாட்டின் கணக்காகக்கூட இருக்கலாம்.

பொடி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதை முடிவு செய்ய இந்தப் படம் போதாது, அவ்வளவுதான். விற்பவரிடம் பொடி கொடுக்காத மாடுகளின் அளவைக் கேளுங்கள்.

உங்கள் கொட்டகையிலேயே சோதிக்க விரும்பினால், ஒரே ஈற்றில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈன்ற இரண்டு பசுக்களைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் இரண்டுக்கும் பொடி வேண்டாம்; காலை, மாலைப் பாலை ஒரே அளவைப் பாத்திரத்தில் அளந்து எழுதுங்கள். அடுத்த மூன்று வாரம் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். பசுந்தீவனம், அடர்தீவனம், தண்ணீர், கறக்கும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். பிறகு பொடியை மற்ற பசுவுக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நாள் அரை லிட்டர் ஏறி இறங்குவது சகஜம் என்பதால் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு முறையும் பொடி தின்ற பசுவே முந்தினால், கூடுதல் பாலுக்குக் கிடைக்கும் பணம் பொடியின் விலையைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போடுங்கள். அதுவரை தாது உப்புக் கலவையை வழக்கம்போல் கொடுத்து வாருங்கள். அதை நிறுத்திவிட்டுப் பொடியைச் சோதிக்க வேண்டாம்.