வைக்கிங்குகளின் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) உடைகளின் ஓரத்தில் வரும் நெய்த பட்டையை எப்படிச் செய்கிறார்கள்?

அது அட்டை நெசவு. பெரிய தறி வேண்டாம். நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட சின்னச் சதுர அட்டைகள் போதும். ஓட்டைக்கு ஒரு பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்). நூல்களை இழுத்துக் கட்டி, அட்டைகளைக் கால் சுற்று திருப்பினால் மேல் நூலும் கீழ் நூலும் இடம் மாறி நடுவே வழி திறக்கும். அதில் ஊடு நூலை (குறுக்கே ஓடும் நூல்) விட்டு, தட்டி இறுக்கி, மறுபடி திருப்ப வேண்டும். எந்த ஓட்டையில் எந்த நிறம் என்பதும், எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதும்தான் கோலத்தைத் தீர்மானிக்கும்.

திருப்பத் திருப்ப ஒவ்வோர் அட்டையின் நான்கு நூல்களும் கயிறு திரிப்பதைப் போல முறுக்கிக்கொள்ளும். அதனால் பட்டை கெட்டியாகி, கழுத்தும் கை முனையும் சீக்கிரம் நைந்துபோகாது. (ஒரே பக்கம் திருப்பினால் மறுமுனையிலும் முறுக்கு சேரும், அப்போது எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.)

நார்வேயில் கி.பி. 834-ஐச் சேர்ந்த ஒசெபர்க் கப்பல் கல்லறையில் 52 அட்டைகள், நூல் கோத்தபடி, பாதி நெய்த பட்டையோடு கிடைத்தன. யாரோ வேலையை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்!

உடையில் தைக்குமுன் பட்டையை நனைத்து உலர்த்துங்கள், அப்புறம் சுருங்காது.

பலரும் இதை எம்பிராய்டரி என்றே நினைக்கிறார்கள். துணிமேல் ஊசியால் போட்டதல்ல, தனியாக நெய்து பிறகு தைத்தது.